பதினைந்து கையெழுத்து

மகள் ஆறாம் ஆண்டு முடிக்கப் போகிற சமயம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கட்டம் போட்டேன். கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். எதையும் கட்டத்துக்குள் அடைத்தால்தான் எனக்கு விளங்கும். இடப்பக்கம் கிள்ளானில் உள்ள ஐந்து இடைநிலைப்பள்ளிகளின் பெயர். மேலே தலைப்புகள்: வீட்டிலிருந்து தூரம், காலைப் பள்ளியா மதியப் பள்ளியா, பள்ளிக்கூட பஸ், எஸ்.பி.எம். தேர்ச்சி, கட்டொழுங்கு, புறப்பாட நடவடிக்கை, கழிப்பறை. எட்டாவது கட்டம் காலியாகக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அதில் ‘தமிழ்’ என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் வரிசையைக் கவனித்தேன். பத்து வருடமாகத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பவளின் நோட்டில், தமிழ் கழிப்பறைக்கு அடுத்து வந்திருந்தது.

கழிப்பறையை நான் குறைவாகச் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குப் போய் மதியம் இரண்டு மணிக்கு வரும் பெண் பிள்ளைக்கு அது முக்கியம். ஆனாலும் அந்த வரிசை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அதான் அங்க தமிழ்ப்பள்ளி இருக்கே, அதுலயே தொடர வேண்டியதுதானே?” என்று கேட்டார். வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. மலேசியாவில் ஏறக்குறைய 530 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அத்தனையும் தொடக்கப்பள்ளிகள். ஏழு வயதில் முதலாம் ஆண்டில் நுழைகிற பிள்ளை பன்னிரண்டு வயதில் வெளியே வரும். தமிழ்வழிக் கல்வி அதோடு முடிந்தது. தமிழ் இடைநிலைப்பள்ளி என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை. அடுத்துப் போவது மலாய்மொழியில் நடக்கிற தேசிய இடைநிலைப்பள்ளிக்கு. அங்கே தமிழ் ஒரு பாடம், அதுவும் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். யாரும் கேட்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் ஒரு தமிழ் உயர்நிலைப்பள்ளி இருந்தது. கடையநல்லூர்க்காரர்கள் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960-இல் உயர்நிலைப்பள்ளி ஆனது. பிள்ளைகள் குறைந்து 1982-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு இந்தக் கவலை கிடையாது. கிள்ளானில் மட்டும் நான்கு சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. அவருடைய பிள்ளைகள் இருவரும் அதில் ஒன்றில்தான் படிக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, அரசாங்க உதவி வேண்டுமென்றால் பயிற்றுமொழியை மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தது. மாற்ற மறுத்து வெளியேறிய பள்ளிகளும் பின்னால் அந்த வழியில் வந்தவையுமாக நாடு முழுக்கச் சுமார் 60 பள்ளிகள் இன்று இருக்கின்றன. கட்டணத்திலும் சமூகத்தின் நன்கொடையிலும் ஓடுகின்றன. 1975 முதல் தங்களுக்கென்று ஒரு பொதுத்தேர்வையும் நடத்துகிறார்கள். “நீங்க ஏன் அப்படிச் செய்யல?” என்று அந்த அம்மா ஒருநாள் மலாயில் கேட்டார். குற்றம் சொல்லும் தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்படி விலகித் தனியாக நிற்கக்கூடிய இடைநிலைப்பள்ளி அன்று நம்மிடம் எங்கே இருந்தது? நம் பள்ளிகள் பெரும்பாலும் தோட்டத்தில் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நிர்வாகமும் ஒரு கொட்டகையைப் போட்டுக் கொடுத்தது. அதிலிருந்து வெளியே வரும் பிள்ளை அடுத்து எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது. எங்கே போகும்? பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போகும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், பதினைந்து பிள்ளைக்கு ஒரு வகுப்பு என்று நம்மை எப்போதும் தலை எண்ணித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

*

வீட்டுக்கு ஆக அருகில் இருப்பது நான் படித்த பள்ளி. பத்து நிமிட நடை. வீட்டு முகவரியை வைத்துப் பார்த்தால் மகளுக்கும் அதுதான் கிடைக்கும். கிடைத்தது.

1992-இல் காப்பார் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். எழுதினேன். தமிழிலும் கணக்கிலும் ஏ. மலாய்மொழியில் டி. அதனால் படிவம் ஒன்றுக்குப் போக முடியாமல் ரிமூவ் வகுப்புக்குப் போனேன். ‘புகுமுக வகுப்பு’ என்று அதற்குத் தமிழில் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். தமிழ், சீனப் பள்ளிகளில் படித்து மலாயில் தேறாதவர்கள் படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருடம் உட்கார்ந்து மலாய் படிக்க வேண்டிய வகுப்பு. எங்கள் வகுப்பு சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் இருந்தது. 34 பேர். நம் பிள்ளைகள்தான் அதிகம். என்னோடு ஆறாம் ஆண்டு படித்த இரண்டு பேர் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போயிருந்தார்கள். சபைகூடலில் அவர்கள் அந்த வரிசையிலும் நான் இந்த வரிசையிலும் நிற்பேன். கண் பட்டால் இரண்டு பக்கமும் வேறு எங்காவது பார்ப்போம்.

1998-இல் எஸ்.பி.எம். எழுதியபோது அந்த 34 பேரில் 19 பேர்தான் மிச்சம். யாரும் ஒரே நாளில் போகவில்லை. ஒருத்தியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். ஒருவன் லாரிக்கு உதவியாளாகப் போனான். இரண்டு பேர் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக்கு. ஒருவன் எங்கே போனான் என்றே தெரியாது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மட்டும் இரண்டு மாதம் கூப்பிடப்பட்டது. பிறகு அதுவும் நின்றது.

அந்த வருடம்தான் ‘பதினைந்து’ என்ற எண்ணை முதலில் கேட்டேன். எங்கள் பள்ளியில் அப்போது தமிழ் வகுப்பு இல்லை. வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ரிமூவ் வகுப்பு வாசலில் நின்று, “பதினஞ்சு பேரு அப்பா அம்மா கையெழுத்து போட்டா சனிக்கிழம நான் வந்து சொல்லிக் குடுப்பேன். பாரத்த வாங்கிட்டுப் போங்க” என்றார். ஒரு வாரத்தில் பதினான்கு வந்தது. பதினைந்தாவது வரவில்லை. என் தோழியின் அப்பா, “தமிழு படிச்சிட்டுத்தான ரிமூவ்ல கெடக்குற?” என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா மரம் சீவிவிட்டு வந்து, குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. வரும்போது பாரத்தில் தோழியின் பாட்டியுடைய பெருவிரல் ரேகை இருந்தது. பாட்டி பெற்றோர் ஆவாரா என்று ஆசிரியர் கேட்கவே இல்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் இன்று எழுதுவது எல்லாம் அந்தச் சனிக்கிழமைகளிலிருந்து வந்தது. அவர் பையில் எப்போதும் இரண்டு நாவல்கள் இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது கதையைச் சொல்லக் கூடாது, பிடிக்காத ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும் என்பார்.

அதே பள்ளியில் இன்று தமிழ் பாட அட்டவணைக்கு உள்ளேயே நடக்கிறது. தமிழாசிரியர் இருக்கிறார். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியமும் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டாவது கட்டத்தில் ஐந்து பள்ளிகளில் அதற்கு மட்டும்தான் தயங்காமல் சரி போட முடிந்தது.

ஆனால் மகளை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கேட்டவர்களும் அதையே சொன்னார்கள். “அங்கயா? அங்க நம்ப பசங்க ரொம்ப லா.” இதைச் சொன்னவர்கள் எல்லாம் நம்ப ஆட்கள்தான். ‘கேங்’ இருக்கிறது என்பார்கள். யாராவது பார்த்தீர்களா என்று கேட்டால், “எல்லாரும் சொல்றாங்க” என்பார்கள். தமிழ் இருப்பதற்கும் ‘நம்ப பசங்க ரொம்ப’ இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். ஒன்றை வேண்டும் என்றும் மற்றதை வேண்டாம் என்றும் சொல்கிறோம். எனக்குப் பயம் கேங்கைப் பார்த்து அல்ல. 34-இல் 19 என்ற கணக்கைப் பார்த்து.

*

என் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில். கிள்ளானில் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் திரும்புவேன். 2001-இல் திறந்த கேஎல் சென்ட்ரல், பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் நிற்கிறது. மாமனார் வேலை பார்த்த யார்டு அது. குவார்ட்டர்ஸில் வளர்ந்த குடும்பம்.

அத்தை கான்வெண்டில் படித்தவர். அறுபதுகளில் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதியவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. “உன் பேரு இதுல எங்கம்மா இருக்கு?” என்று கேட்டு, நான் காட்டிய இடத்தைத் தடவிப் பார்ப்பார்.

பள்ளிப் பேச்சு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். “பழைய மிஷன் ஸ்கூல்ல போடு. ஸ்கூல் பேரு லைஃப் முழுக்கக் கூட வரும். நீ தமிழ வீட்லயே சொல்லிக் குடுக்கலாமே.”

டவுனில் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. நல்ல பெயர், நல்ல தேர்ச்சி, பழைய மரங்கள், நீள வராந்தா. 1970 தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் ஒவ்வொரு வகுப்பாக மலாய்க்கு மாறின. எண்பதுகளின் தொடக்கத்துக்குள் மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அத்தை மனத்தில் வைத்திருக்கும் பள்ளி இன்று பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது. பாடத்திட்டம், பயிற்றுமொழி, தேர்வு எல்லாம் என் பழைய பள்ளியில் உள்ளவைதான். நானும் இதைத் தெரிந்துகொண்டே அந்தப் பெயருக்குத்தான் ஆசைப்பட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். படிவம் மூன்றில் இருந்த பி.டி.3 அடுத்த ஆண்டே போனது. பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள் என்று எல்லோரையும்போல நானும் வரவேற்றேன். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று காட்டும் மதிப்பெண் கையில் இல்லாதபோது, பெற்றோர் பள்ளியின் பெயரைப் பிடித்துக்கொள்கிறோம். ஆறாம் ஆண்டுப் பெற்றோரின் புலனக் குழுவில் இரவு பதினொரு மணிக்கும் இதே பேச்சுதான். வசதி உள்ளவர்கள் அனைத்துலகப் பள்ளி என்றார்கள். 2012-க்குப் பிறகு அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உச்சவரம்பு இல்லை. கட்டணம்தான் வரம்பு. எங்களுக்கு அது ஒத்துவராது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு நானும் அத்தையும் போனில் நீளமாகப் பேசி முடித்த பிறகு கணவர் சொன்னார்: “நீ உன் பள்ளிக்கூடத்துக்குப் பயந்து பேசற. அம்மா அவங்க பள்ளிக்கூடத்த நெனச்சிப் பேசறாங்க. ரெண்டு பேரும் அவள இன்னும் கேக்கல.”

கேட்டேன். மகள் தயாராக இருந்தாள். டவுன் பள்ளியில் நெட்பால் குழு இருக்கிறது. அவளுடைய சிநேகிதிகள் இருவர் அங்கே போகிறார்கள்.

“அங்க தமிழ் இல்லம்மா.”

“ஆறு வருஷம் படிச்சிட்டேனே மா. போதும்ல?”

அதே கேள்வியை என் தோழியின் அப்பாவிடமிருந்து வேறு சொற்களில் கேட்டிருந்தேன். எனக்கு முப்பது வருடம் முன்னேயும் பதில் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

மேல்முறையீட்டுப் பாரத்தை நானே நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் பள்ளி ரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பதால் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட முடியும் என்று எழுதினேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. எங்கள் வீட்டுத் தெருவில் இருந்த, தமிழ் நடக்கும் பள்ளியை விட்டு, தமிழ் இல்லாத பள்ளிக்கு மகளை மாற்றிக்கொண்டு போனேன். எட்டாவது கட்டத்தை நானே அடித்தேன்.

*

2024 மார்ச் மாதம் படிவம் ஒன்று தொடங்கியது. அறிமுக நாளில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினேன். நம் பிள்ளைகள் படிவம் ஒன்றில் மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தார்கள். இத்தனை பேர் இருந்தும் தமிழ் ஏன் இல்லை என்று அலுவலகத்தில் கேட்டேன். கிராணி புரியாமல் பார்த்தார். “யாரும் கேட்டதில்லையே” என்றார்.

முதல்வர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, விதியை எனக்கே எடுத்துச் சொன்னார். 15 பெற்றோரின் கையெழுத்துக் கொண்டு வாருங்கள், ஆசிரியருக்கு நான் இலாகாவுக்கு எழுதுகிறேன், பாட அட்டவணையில் இடமில்லை, சனிக்கிழமை வகுப்பறை தருகிறேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோபப்பட ஒன்றும் மிஞ்சாமல் வெளியே வந்தேன்.

கையெழுத்து வாங்குவதுதான் கடினமாக இருந்தது.

பள்ளி வாசலில், காருக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடையில் என்று ஒன்றரை மாதம் அலைந்தேன். ஒருவர் தங்கமான மனிதர். கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறார். “அக்கா, தமிழ்ப்பள்ளில ஆறு வருஷம் போட்டாச்சு. என் கடம முடிஞ்சிச்சி. இனி அவன் பாடு” என்றார். ஒரு மருத்துவர் அம்மா சனிக்கிழமை பேட்மிண்டன் என்றார். பிறகு தயங்கி, “எஸ்.பி.எம்.ல தமிழ்ல ஏ வாங்கறது கஷ்டமாம். ரிசல்ட்ட இழுத்துடும்” என்றார்.

அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2009-இல் அரசாங்கம் அறிவித்தபோது முதலில் அடிபட இருந்தவை தமிழும் தமிழ் இலக்கியமும்தான். சமூகம் எழுந்து கேட்டது. கடைசியில் பத்தோடு இந்த இரண்டையும் கூடுதலாக எடுக்கலாம் என்று விட்டார்கள். அப்படிக் கேட்டு வாங்கிய இடம் இது. மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்ல விஷயந்தான். ஆனா என் பொண்ணு எடுக்கணுமே” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தமிழ் இருக்கும் பள்ளியை விட்டு வந்தவள் நான். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நல்லவேளையாகக் கேட்கவில்லை.

பதின்மூன்றில் நின்றது. ஒரு மாலை, உணவகத்தில் பரிமாறுகிற ஓர் அம்மா தானாக வந்து பேசினார். மகன் மலாய்த் தொடக்கப்பள்ளியில் படித்தவன். “அக்கா, தமிழ் வகுப்பு வரப்போவுதாம்ல. என் பையனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எனக்கும் கொஞ்சந்தான் வரும். அவனச் சேத்துக்குவாங்களா?”

தெரியாது என்றேன். இது படிவம் ஒன்றுப் பாடம், ஆறு வருடம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கானது. அவர் தலையாட்டிவிட்டுப் போகப் போனார். அப்போது அந்தப் பெருவிரல் ரேகை நினைவுக்கு வந்தது. கூப்பிட்டுப் பாரத்தைக் கொடுத்தேன். மேசையைத் துணியால் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, தன் பெயரைத் தமிழில் மெதுவாக எழுதினார். ஒரு வாரம் கழித்து துறைமுகத்து அண்ணன் போன் செய்தார். “அவங்க அம்மா திட்டுறாங்கக்கா. பாரத்தக் கொண்டாங்க.” பதினைந்து.

*

ஜூலையில் வகுப்பு தொடங்கியது. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை வருகிறார். சனிக்கிழமை எட்டு முதல் பத்து மணி வரை. முதல் நாள் 17 பேர் வந்தார்கள். எழுத்துத் தெரியாத பையனைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “முன் வரிசையில உக்காரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

அத்தையிடம் வகுப்பு வந்த செய்தியைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். தேவாரம். ஆங்கில எழுத்தில், சாய்ந்த அழகான கான்வெண்ட் கையெழுத்தில், ஐம்பது வருடம் முன்னால் கோயிலில் யாரோ சொல்லச் சொல்ல எழுதியது. “இதுல எது ‘ல’, எது ‘ள’ன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. அவள வந்து திருத்தித் தரச் சொல்லு” என்றார். மகள் இரண்டு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தாள். அத்தையால் அதைப் படிக்க முடியாது. பூஜை அறையில் வைத்திருக்கிறார். மிஷன் பள்ளிதான் நல்லது என்ற அவர் கருத்து மாறவில்லை. “சனிக்கெழம கிளாஸ நிறுத்திடாத” என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்.

எது சரியான பள்ளி என்று இப்போதும் என்னைச் சிலர் கேட்கிறார்கள். நோட்டைக் காட்டி விளக்க முடியும். மதியப் பள்ளியாக இருந்தால் பிள்ளை வீடு திரும்ப ஏழு மணியாகும், அதைப் பாருங்கள். படிவம் நான்கில் என்னென்ன பாடம் எடுக்கலாம் என்று இப்போதே கேளுங்கள். ஒரு முறையாவது பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். கழிப்பறையைப் பாருங்கள். எட்டாவது கட்டத்தின் தலைப்பை மட்டும் இன்றைக்கு வேறு மாதிரி எழுதுவேன். ‘தமிழ் இருக்கிறதா’ என்பது கடையில் சரக்குக் கேட்பது போன்ற கேள்வி. என் பள்ளியில் தமிழ் இருந்தது என்றால் பதினைந்து வீட்டில் யாரோ குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அது நமக்காக யாரோ செய்ததாக இருக்கும், அல்லது நாம் செய்ய வேண்டியதாக இருக்கும்.

செய்துவிட்டால் முடிந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. முதல் நாள் 17 பேர். செப்டம்பரில் 12. போன சனிக்கிழமை 9. ஆசிரியை பதிவேட்டை எனக்குக் காட்டவில்லை, நானே சன்னல் வழியாக எண்ணினேன். சட்டம் கேட்டது கையெழுத்தை. அது பத்திரமாக அலுவலகக் கோப்பில் இருக்கிறது. நாற்காலியை அது நிரப்பாது. 34-இல் 19 என்ற கணக்கிலிருந்து மகளைக் காப்பாற்ற ஓடி வந்து, இங்கே 17-இல் 9 என்று எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த ஒன்பதில் என் மகள் இருந்தாள். ஆசையாக அல்ல. அன்று காலை காரை நிறுத்தியபோது கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

“இன்னிக்கி மட்டும் லீவு எடுக்கட்டுமா?”

நான் பேசவில்லை. பேசினால் அம்மா, பாட்டியின் ரேகை, 2009 எல்லாம் வரும் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்போது உணவகத்து அம்மாவின் மோட்டார் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போய் வாசலில் நின்றது. பையன் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். “அவன் போன வாரம் ‘ழ’ எழுதக் கத்துக்கிட்டான்மா. நோட்டு முழுக்க ‘ழ’வா எழுதி வச்சிருக்கான். ரொம்பப் பீத்திக்கிறான்.”

கதவைத் திறந்து, பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.